ஒரு வேன், ஒன்பது பேர், ஸ்காட்லாந்து வரை

இங்கிலாந்தில் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே போதும், ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது பேர் உட்காரும் வேனை ஓட்டலாம். வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். தனிப் பயிற்சியோ தேர்வோ கிடையாது. வாரம் முழுக்கச் சின்ன காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுகிற ஒருவர், சனிக்கிழமை காலையில் வாடகைக்காரரிடம் சாவியை வாங்கி, ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டியில் மூன்று தலைமுறையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும் கோடைகளில் நம்மில் பலர் செய்வது இதைத்தான். இரண்டு கார் எடுத்தால் டீசல் இரண்டு, பார்க்கிங் இரண்டு. அதைவிட, தாத்தா எந்த காரில் வருவார் என்று பிள்ளைகளுக்குள் நடக்கும் சண்டை இருக்கிறதே, அதற்கு வேன் வாடகையே பரவாயில்லை.

நாங்கள் ஒன்பது பேர். நான், மனைவி, ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா, பர்மிங்ஹாமில் ஏறிக்கொண்ட மச்சான், அவன் மனைவி, பத்து வயது மகள். ரெடிங்கில் கிளம்பி, கிளாஸ்கோ, ஸ்கை தீவு, இன்வர்னஸ், எடின்பரோ வழியாகத் திரும்ப வீடு. ஒரு வாரம்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். லாரி ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த லாரி எவ்வளவு குடிக்கும், எந்த டிரைவர் எவ்வளவு மிச்சம் பிடிப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. வேனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு தருது?"

மைலேஜுக்கு முன்னால் லோடு. ஒன்பது பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் எழுநூறு கிலோ சுலபமாக வந்துவிடும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் டயர் காற்றுக்கு இரண்டு அளவுகள்: ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. வாடகை வண்டியில் பெரும்பாலும் முதல் அளவுதான் இருக்கும். முழு லோடு ஏற்றி, காற்றைக் கூட்டாமல் ஓட்டினால் டயர் தட்டையாக உருண்டு சூடாகும், டீசலும் கூடுதலாகப் போகும், வளைவில் வண்டியும் மிதக்கும். பங்கில் காற்றுப் பிடிக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. அப்பா கூடவே நின்று நான்கு டயரையும் சரிபார்த்தார்.

சாமானில் கனமானதெல்லாம் கீழே, கடைசி சீட்டின் முதுகை ஒட்டி. அம்மா ஒரு வாரத்துக்கு என்று குக்கர், இட்லிச் சட்டி, ஐந்து கிலோ பொன்னி அரிசி எல்லாம் எடுத்திருந்தாள். குக்கரைக் கைக்கு எட்டுகிற மாதிரி மேலே வைக்கச் சொன்னாள். திடீரென்று பிரேக் அடித்தால் மேலே இருக்கும் குக்கர் நிற்காது, வண்டி போன வேகத்திலேயே முன்னால் வரும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது மச்சான் மகள். குக்கர் கீழே போனது.

பெல்ட் விஷயம்தான் பெரிய பாடு. ஊரில் பின் சீட்டில் யார் பெல்ட் போடுகிறார்கள்? அம்மாவுக்கு மூன்று வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "நீயெல்லாம் என் மடியிலதான் கொல்லிமலை போயிட்டு வந்தே" என்றாள். இங்கே 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பெல்ட்டுக்கு ஓட்டுநர் பொறுப்பு. பெரியவர்கள் போடவில்லை என்றால் அவர்களுக்கே 500 பவுண்டு வரை அபராதம் வரலாம். குழந்தைகளுக்கு 12 வயது அல்லது 135 செண்டிமீட்டர் உயரம், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை தனி சீட் வேண்டும். (ஒன்பது சீட் வேனில் எல்லா இருக்கையிலும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்காது. எந்த வரிசையில் இருக்கிறது என்று வண்டி புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்.) அபராதத்தைச் சொன்னால் அம்மா மசியவில்லை. மணிக்கு 30 மைலில் போகும் வண்டி முட்டி நின்றால், 14 கிலோ குழந்தை அந்த நொடியில் சில நூறு கிலோவாக இழுக்கும், யார் கையும் தாங்காது என்று என் மனைவி நிதானமாகச் சொன்னாள். "அத்தை, உங்க கையில இருந்துதான் போகும். அதைத்தான் தாங்க முடியாது." அம்மா பதில் பேசவில்லை. தன் பெல்ட்டைத் தேடி மாட்டினாள். அடுத்த நாளிலிருந்து சின்னவளே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். "பாட்டி, டிக்? தாத்தா, டிக்?" என்று ஒன்பது சத்தமும் கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்ப விடுவாள்.

எம்6 மோட்டார்வேயில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு பந்தயம். வேக வரம்பு 70 மைல். பர்மிங்ஹாம் தாண்டி நூறு மைலை முடிந்த வரை 70இல் ஓட்டினேன், பிறகு மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி அடுத்த நூறை 62இல். 62 மைல் என்பது அப்பாவின் கணக்கில் சரியாக நூறு கிலோமீட்டர். முதல் நூறில் லிட்டருக்கு 11.3 கிலோமீட்டர். இரண்டாவதில் 13.5. முறையான சோதனை என்று சொல்ல மாட்டேன், முதல் பாதியில் நெரிசலும் இருந்தது. ஆனால் இரண்டாவது பாதியில்தான் மலையேற்றம். ஆச்சரியமும் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 70இலிருந்து 62க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வேனின் முகம் செங்குத்தாக, இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. காரைவிட வேனுக்கு இந்த வித்தியாசம் அதிகம் தெரியும்.

"எவ்வளவு நேரம் லேட்டாகும்?" என்றான் மச்சான். 400 மைலுக்குக் கணக்குப் போட்டால் 44 நிமிஷம். நாங்கள் சாப்பிட நிறுத்திய நேரம் அதைவிட அதிகம்.

இதே எட்டு, பத்து மைல்தான் இன்னொரு கணக்கையும் மாற்றுகிறது. பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்தில், காய்ந்த சாலையில் கார் ஒன்று 70 மைலில் நிற்க 96 மீட்டர், 60 மைலில் 73 மீட்டர். வித்தியாசம் 23 மீட்டர், எங்கள் வேன் நான்கு நிற்கலாம். அதுவும் காருக்கான அளவு. எழுநூறு கிலோ ஏற்றிய வேனுக்கு நான் கூடுதலாகவே விட்டு வைப்பேன். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததிலிருந்து நாம் கடக்க இரண்டு நொடி, மழையில் நான்கு. அந்த இடைவெளி இருந்தால் முன்வண்டியின் பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் நாமும் பிரேக் போட வேண்டியதில்லை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும், டீசல் எரித்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கித்தான் எறிகிறோம்.

எங்கள் வேனில் இதைக் காட்டும் மீட்டர் அம்மா. நடு சீட்டில், கையில் எலுமிச்சம்பழத்தோடு. வண்டி குலுங்கி, இழுத்து, நின்று போனால் அரை மணி நேரத்தில் "தம்பி, ஓரமா நிறுத்து" என்பாள். பழம் பையிலேயே கிடந்தால் அன்றைக்கு டீசல் கணக்கும் நன்றாக இருக்கும்.

மதியம் டீபே. எம்6 மேல் இருக்கும் நிறுத்தங்களில் எனக்குப் பிடித்தது இது. பண்ணைக் கடை, வாத்துக் குளம், பின்னால் பச்சை மேடுகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குறைந்தது 15 நிமிஷம் நிறுத்தச் சொல்வது விதி மட்டுமல்ல, ஒன்பது பேரின் கால்களும் அதையேதான் சொல்கின்றன. டீசல் மட்டும் மோட்டார்வேயில் போடாதீர்கள், விலை அதிகம். கிளாஸ்கோவில் சூப்பர்மார்க்கெட் பங்கில் நிரப்பினோம். டீபேக்கு வடக்கே சாலை 300 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறுகிறது. அங்கே பக்கக் காற்று. ஒரு லாரியின் நிழலில் போகும்போது அமைதி, அதைத் தாண்டிய கணம் வேனை யாரோ தோளால் இடித்த மாதிரி இருக்கும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வேகம் கொஞ்சம் குறைவாக. வேறு வித்தை ஒன்றும் கிடையாது.

கிளாஸ்கோவுக்கு வடக்கே ஏ82. லாக் லோமண்ட் ஏரியின் மேல் பாதியில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தண்ணீர், நடுவில் எதிரே வரும் டூரிஸ்ட் பஸ்ஸின் கண்ணாடி நம் கண்ணாடியை முத்தமிடுகிற தூரத்தில். அதைத் தாண்டி ரானக் மூர் திறந்ததும் வேனுக்குள் பேச்சே நின்றுவிட்டது. மரமில்லாத, வீடில்லாத, கறுப்புத் தண்ணீர் தேங்கிய பழுப்புச் சமவெளி. "இவ்வளவு நெலம் சும்மா கெடக்குதே" என்றார் அப்பா. அங்கிருந்து சாலை கிளென்கோ பள்ளத்தாக்குக்குள், மூன்று பெரிய மலை மூக்குகளுக்கு அடியே, கடல் மட்டம் வரை இறங்குகிறது.

அந்த இறக்கத்தில்தான் மச்சான் பின்னாலிருந்து சொன்னான். "மாமா, நியூட்ரல்ல விடுங்க. சும்மா உருளும், டீசல் மிச்சம்."

நான் பதில் சொல்வதற்குள் அப்பா திரும்பினார். "தொப்பூர்ல அப்படித்தான் எறங்குவாங்க" என்றார்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாய் தெரியாத லாரிக்காரர் தமிழ்நாட்டில் கிடையாது. நீண்ட இறக்கம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறுவது அங்கே பழைய கதை. கியர் பிடித்து வைக்காத வண்டியில் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும், பிரேக் சூடேறிச் செத்துப்போகும். அது தெரிந்தும் ஏன் செய்கிறார்கள் என்றால், பல முதலாளிகளிடம் டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கு. மிச்சம் பிடித்தது டிரைவருக்கு. "ஒருதடவை கேபின் மொத்தமும் நசுங்கி பட்டறைக்கு வந்துச்சு. புதுசா கட்டிக் கொடுத்தோம். அந்த டிரைவர் வீட்டுக்கு ஓனரோட நானும்தான் போயிருந்தேன்" என்றார் அப்பா. அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இப்போதைய வண்டிகளில் எஞ்சினை ஆள்வது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது என்று அது புரிந்துகொண்டு டீசலை முழுக்க நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் ஊற்றியே ஆக வேண்டும். அதாவது, பிரேக் போட்டே தீர வேண்டிய இறக்கத்தில் கியரில் இறங்கினால் செலவு பூஜ்ஜியம், நியூட்ரலில் இறங்கினால்தான் செலவு.

"பழைய லாரியில?"

பழைய டீசல் பம்பிலும் கவர்னர் அதே வேலையைத்தான் செய்யும் என்றேன். மெல்லிய சரிவில் நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும், அது வேறு. தொப்பூர் மாதிரி இறக்கத்தில் மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு இறங்கினோம். பல்லாக்குலிஷ் வந்து கடல் தெரியும் வரை அவர் பேசவில்லை.

ஃபோர்ட் வில்லியமில் டேங்கை நிரப்பிக்கொண்டோம். அதற்கு மேலே பங்குகள் தூரதூரமாக இருக்கும், பாதிக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 1995இல் கட்டிய பாலம் வழியாக ஸ்கை தீவு. அங்கே உள்சாலைகள் பல ஒற்றைத் தடம்: ஒரு வண்டி போகும் அகலம், ஆங்காங்கே ஒதுங்கும் இடம். ஒதுங்கும் இடம் நம் இடப் பக்கம் இருந்தால் அதில் ஏறி நிற்க வேண்டும். வலப் பக்கம் இருந்தால் குறுக்கே போகாமல் அதற்கு நேரே நம் தடத்திலேயே நின்று, எதிர் வண்டியை அதில் ஒதுங்க விட வேண்டும். ஏறி வருபவருக்கு வழி விடுவது மரியாதை. பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஒதுங்கி முன்னே அனுப்பிவிடுங்கள். அவருக்கு அது வேலைக்குப் போகும் வழி, நமக்குத்தான் சுற்றுலா. போட்டோ எடுக்க அந்த இடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது. விட்டுக்கொடுத்தவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து விரல் தூக்கி நன்றி. பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் சேர்த்துக் கையாட்டினார்கள்.

ரிவர்ஸ்தான் வேனில் கஷ்டம். பெட்டிகள் அடைத்த பிறகு உள் கண்ணாடியில் தெரிவது அம்மாவின் அரிசிப் பை மட்டும். குவிராங் போகும் வழியில் எதிரே ஒரு கேம்பர்வேன் வந்து, நாங்கள் அறுபது மீட்டர் பின்னால் போக வேண்டி வந்தது. அப்பா கேட்காமலே இறங்கினார். பின்னால் போய், நான் கண்ணாடியில் பார்க்கிற பக்கமாக நின்று, பாடியைத் தட்டி, "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... ஹோல்டான்!" கேம்பர்வேன்காரர் கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரல் காட்டினார். அன்றிலிருந்து அப்பாதான் கிளீனர்.

ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். ஹாரன் அடித்தால் எழுந்து எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது. தாய் ஒரு பக்கமும் குட்டி மறு பக்கமும் நின்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள், குட்டி கட்டாயம் தாயிடம் ஓடும். இது ஸ்காட்லாந்து விதி இல்லை, நாமக்கல்லிலும் இதேதான். அந்தி நேரத்தில் மான்.

தீவை விட்டு வந்த அன்று பிளாக்டன் கிராமத்தில் நிறுத்தினோம். வளைகுடாவை ஒட்டிப் பனை மாதிரி மரங்கள்! நியூசிலாந்திலிருந்து வந்த வேறு ஜாதி, கடல் நீரோட்டத்தின் கதகதப்பில் பிழைத்திருக்கின்றன. அப்பா கிட்டே போய்த் தொட்டுப் பார்த்து, "இதுல பதநீ எறங்காது" என்று தீர்ப்புச் சொன்னார்.

லாக்கேரன் தாண்டி, ஆப்பிள்கிராஸ் போகும் கிளைச்சாலை முகப்பில் ஒரு பெரிய எச்சரிக்கைப் பலகை. பியாலக் நா பா, மாடுகளின் கணவாய். கடல் மட்டத்தில் தொடங்கி 626 மீட்டர் வரை ஒற்றைத் தடம். சில இடங்களில் ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், மேலே கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டப் பழகுபவர்கள், மிகப் பெரிய வண்டிகள், கேரவன்கள் முதல் மைலுக்கு மேல் போவது உசிதமில்லை என்கிறது பலகை. எங்கள் வேன் "மிகப் பெரிய வண்டி" இல்லை. சட்டப்படி போகலாம். மச்சானுக்கு இந்தப் பயணமே அதற்காகத்தான். வீடியோக்களைப் பார்த்து வைத்திருந்தான். "கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி ஏறினவங்க நாம, இது என்ன மாமா!"

கொல்லிமலையில் எதிரே பஸ் வந்தாலும் ஒதுங்கலாம். இங்கே ஏறுவது பிரச்சினை இல்லை. செங்குத்தான வளைவில், முழு லோடோடு, பின்னால் ஒன்றும் தெரியாமல் ரிவர்ஸ் வர நேர்ந்தால்? கிளட்ச் புகையும், பின் சீட்டில் மூன்று பிள்ளைகள். சின்ன காரில், இரண்டு பேராக இருந்தால் நான் போயிருப்பேன். அன்றைக்கு மாட்டேன் என்றேன். மச்சான் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான் வண்டியைத் திருப்புவதற்குள்ளேயே இறங்கிப் பின்னால் போய் நின்றுவிட்டார். கடலோரம் உட்கார்ந்து, அந்த மலையைப் பார்த்துக்கொண்டே தயிர் சாதம் சாப்பிட்டோம். மிட்ஜ் என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி எல்லோரையும் கடித்தது, மச்சானையும் சேர்த்து.

இன்வர்னஸிலிருந்து ஏ9. ஓட்டியது என் மனைவி. வாடகை எடுக்கும்போதே அவளையும் இன்சூரன்ஸில் இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்திருந்தோம், அந்தக் கூடுதல் காசு தூக்கக் கலக்கத்தில் ஓட்டாமல் இருப்பதற்கான காசு. டன்பிளேன் வரை இந்தச் சாலையில் 2014 முதல் சராசரி வேகக் கேமராக்கள். ஒரு கேமராவிலிருந்து அடுத்ததுக்கு எவ்வளவு நேரத்தில் வந்தோம் என்று வகுத்துப் பார்க்கும். கேமரா கம்பத்துக்கு முன்னால் மட்டும் பிரேக் அடிப்பதில் பிரயோஜனமில்லை. சாலையோ கொஞ்ச தூரம் இருபிரிவு, கொஞ்ச தூரம் ஒற்றைப்பிரிவு என்று மாறிமாறி வரும். இருபிரிவு முடியும் இடத்தில் கடைசி நொடியில் முந்துகிறவர்கள்தான் பயம். அவள் அவர்களை விட்டுவிடுவாள். முன்னால் இடைவெளி குறைந்தால் மறுபடி கால் எடுப்பாள். ட்ரமாக்டர் கணவாயின் மொட்டை மலைகளுக்கு நடுவே அப்பா முன் சீட்டில் தூங்கிப்போனார். பெர்த் வந்து எழுந்து, "நீ ஓட்டினா தூக்கம் வருது கண்ணு" என்றார். அவர் யாருக்கும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ரெடிங்கில் வண்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் கடைசித் தடவை டேங்கை நிரப்பினோம். (இங்கே டீசல் குழாய் கறுப்பு, பெட்ரோல் பச்சை. வாடகை வண்டியில் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.) அப்பா எல்லா ரசீதுகளையும் சட்டைப் பையில் சேர்த்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து டைரியில் எழுதினார்: 2,285 கிலோமீட்டர், 174 லிட்டர், சராசரி 13.1. அதற்குக் கீழே கோடு போட்டு இரண்டு பெயர். என் பெயருக்கு நேரே 12.8. மருமகள் பெயருக்கு நேரே 14.1.